சர்க்கரை அளவுக்குப் பின்னால் இருக்கும் ஹார்மோன்கள்

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி ஆய்வகச் சீட்டை மேசைமேல் வைக்கிறார். வெறும் வயிற்றில் 104, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 132, மூன்று மாதச் சராசரி என்று எல்லோரும் சொல்லும் எச்பிஏ1சி 6.7. கடைசி எண்ணின் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை நம்பி அவர் ஒரு மாதமாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். வீட்டில் மாம்பழம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். சீட்டைத் திருப்பினால் ஹீமோகுளோபின் 8.1, அதாவது இரத்தசோகை, என்று இருக்கிறது. மாதவிடாயில் எத்தனை நாள் இரத்தப்போக்கு இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளை இதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாளமில்லாச் சுரப்பியல் மருத்துவர்களின் அறைக்கு இப்படிப்பட்ட சீட்டுகள் அடிக்கடி வருகின்றன. எண்ணுக்கு மருத்துவம் பார்த்து, அந்த எண்ணை உண்டாக்கிய உடம்பைப் பார்க்காமல் விடுவதுதான் இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய பிழை.

எச்பிஏ1சி என்பது இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கின்மீது குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதன் கணக்கு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் அது மிதந்து வந்த சர்க்கரைச் சூழலின் தடம் அதில் பதிந்துவிடுகிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. ஆனால் இந்த வரம்பு, சிவப்பணுக்கள் இயல்பான வேகத்தில் பிறந்து இயல்பான வயதில் மடிகின்றன என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடம்பில் புதிய அணுக்கள் வருவது மந்தமாகிறது. பழைய அணுக்களின் பங்கு கூடுவதால் சர்க்கரை உண்மையில் ஏறாமலேயே எச்பிஏ1சி ஏறிக் காட்டும். பி12 குறைபாட்டிலும் இதே கதைதான். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோருக்கு பி12 குறையக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து சாப்பிடுபவரிடமே இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பது புரியும். இதற்கு நேர்மாறாக, சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய்களிலும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட பெண்களிடம் அடித்தளமே ஆட்டங்கண்ட ஒரு பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு நோயின் பெயரை எழுதிக் கொடுப்பது சரியல்ல. மேலே சொன்ன பெண்மணிக்கு வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் செய்யும் இரண்டு மணி நேரப் பரிசோதனையும், இரத்தப்போக்குக்கான காரணத்தைத் தேடுவதும், இரும்புச்சத்து மாத்திரையும்தான். ஹீமோகுளோபின் சீரான பிறகு எச்பிஏ1சி-யை மறுபடி பார்க்க வேண்டும். அவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தாண்டி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆண்டுக்கொரு முறை சோதித்து வருவது அவருக்கு அவசியம்.

சர்க்கரையை இறக்கும் ஹார்மோன் இன்சுலின் ஒன்றுதான். ஏற்றும் வேலைக்கோ நான்கு பேர் இருக்கிறார்கள்: கணையத்தின் குளுக்ககான், அட்ரினல் சுரப்பியின் அட்ரினலினும் கார்ட்டிசாலும், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோன். பசியும் பட்டினியும் மனித இனத்துக்குப் பழகிய ஆபத்துகள்; மூளைக்கு ஒரு நிமிடம்கூடக் குளுக்கோஸ் நிற்கக் கூடாது என்பதால் உடம்பு ஏற்றுவதற்குப் பல வழிகளை வைத்துக்கொண்டு, இறக்குவதற்கு ஒரே வழியோடு நின்றுவிட்டது. இதைப் புரிந்துகொண்டால், நோயாளிகள் மிகவும் மனம் நொந்து கேட்கும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும். “ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன் டாக்டர், காலையில எப்படி 165 வந்துச்சு?” விடியற்காலையில் உடம்பை எழுப்புவதற்காக வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் உயர்கின்றன, அவற்றின் சொல் கேட்டுக் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்தில் இறக்குகிறது. காலைச் சர்க்கரையில் பெரும்பங்கு முந்தின இரவுச் சாப்பாட்டிலிருந்து வந்ததன்று, கல்லீரலிலிருந்து வந்தது. ஆகவே இரவு உணவை அடியோடு விட்டுவிடுவது இதற்குத் தீர்வாகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. அவர்கள் இரண்டு மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால், இரவு முழுவதும் சர்க்கரை உயர்ந்தே இருக்கிறதா, அல்லது நடுவில் தாழ்ந்துபோகிறதா என்பது தெரியும். இரண்டுக்கும் மருந்தை மாற்றும் திசை நேர் எதிரானது.

கார்ட்டிசாலைப் பற்றிப் பேசும்போது ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனெனில் அவை கார்ட்டிசாலின் வேலையையே பல மடங்கு வலிமையோடு செய்பவை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் சிறுநீரக நோய்களுக்கும் அவை உயிர் காக்கும் மருந்துகள். மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சொல்லாமல் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடியையும், மருந்துக்கடையில் கேட்டவுடன் நறுக்கிக் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரையையும், முழங்கால் வலிக்கு என்ன மருந்தென்று சொல்லாமலே போடப்படும் ஊசியையும்தான். காலையில் எடுத்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை மிகுதியாக ஏற்றும்; மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் இயல்பாகவே இருக்கக்கூடும். காலைப் பரிசோதனையை மட்டும் செய்துகொள்பவரிடம் இது பல மாதம் பிடிபடாமல் போகும். 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் அத்தனை பேரைத் தாக்கியதில் கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து நின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. பல வாரங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டு உறங்கிவிடும். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து, பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே கேடு வரலாம். முகம் உருண்டு, கை கால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிற வரிகள் தோன்றி, லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோலோடு வருபவரிடம் நான் முதலில் சொல்வது, “எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்” என்பதுதான். நாட்டு மருந்து, சத்து மாவு, உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய டப்பா எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

தைராய்டு இன்னும் அமைதியாகக் குழப்பம் செய்யும். அது மிகுதியாகச் சுரந்தால் கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமின்றி ஏறும்; எடை குறையும், கை நடுங்கும், படபடப்பு வரும். நீரிழிவு முற்றிவிட்டது என்று மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். அது குறைவாகச் சுரந்தால் இன்சுலின் உடம்பிலிருந்து வெளியேறுவது தாமதமாகி, வழக்கமான அளவு மருந்திலேயே சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளிடம் தைராய்டுக் குறைபாடும் சேர்ந்து வருவது அதிகம், ஏனெனில் இரண்டும் உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதால் வருபவை. தைராய்டுக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரையைப் பொறுத்தவரை பாதிப் பிரச்சினை அதை விழுங்கும் விதத்தில் இருக்கிறது. எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காபியைத் தள்ளிப்போட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் இறங்கவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன், தைராக்சினையும் கால்சியத்தையும் ஒரே கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்குகிறாரா என்று கேட்டாலே போதும். பல நேரங்களில் விடை அங்கே இருக்கும். முடி கொட்டுவதைத் தடுக்கச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டச் செய்யும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுவது நல்லது.

பெண்களின் உடம்பில் இந்தத் தொடர்பு இன்னும் முன்னதாக, பதின்ம வயதிலேயே தெரியத் தொடங்குகிறது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும் பெண்ணைத் தாய் அழைத்து வந்து, “எவ்வளவு தேய்ச்சுக் குளிப்பாட்டியும் அழுக்கு போகல” என்று சொல்வார். அது அழுக்கன்று. இன்சுலின் தன் சொல்லைக் கேளாத தசைகளோடு போராடி அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, அந்த மிகுதி தோலின் அணுக்களைப் பெருகச் செய்கிறது; சினைப்பையை ஆண்தன்மை ஹார்மோன்களை அதிகம் சுரக்கத் தூண்டுகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும், மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்வதும், முகப்பருவும் இதன் தொடர்ச்சி. நீர்க்கட்டி என்று ஊரில் சொல்லும் பிசிஓஎஸ் பலரிடம் இப்படித்தான் உருவாகிறது. திருமணமானால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. அவளுக்கு வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை, எடையைப் பற்றி அவமானப்படுத்தாத பேச்சு, உடம்பை அசைக்க ஒரு வழி. தேய்த்துத் தேய்த்துப் புண்ணான கழுத்தோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்கின்றன. தாயின் கணையம் ஈடுகொடுக்க முடியாவிட்டால் கர்ப்பகால நீரிழிவு வருகிறது. இதைக் கண்டறிவதில் சென்னைக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறையில், கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தால் போதும். 140-உம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகால நீரிழிவு. விடியலில் கிளம்பி இரண்டு பேருந்து மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒரு பெண்ணை வெறும் வயிற்றோடு வா என்று திருப்பி அனுப்பாமல் இருப்பதன் அருமை, அந்த வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலோர் மறுசோதனைக்கு வருவதில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பின்னாளில், பெரியவர்களிடம் பரவலாகக் காணும் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே தாய்க்கும் ஒரு குளுக்கோஸ் பரிசோதனை என்று வைத்துக்கொண்டால் தனியாக ஒரு பயணம் தேவைப்படாது.

உணவைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது; இரண்டு செய்திகள் மட்டும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இரத்தத்துக்குள் போன பின் வெள்ளைச் சர்க்கரையிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. கேழ்வரகானாலும் கம்பானாலும் நைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். இவற்றுக்கு அப்பால், சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வை நான் நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் நீரிழிவுக்குள் போய்விட்டார்கள். நடையையும் உணவையும் மாற்றிக்கொண்ட குழுவில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. அந்தக் குழுவின் சராசரி உடல் எடை ஏறத்தாழ மாறவே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எடை இறங்கவில்லையே என்று நடப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கெடுப்பு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாகச் சொல்கிறது. இந்த ஆய்வின் செய்தி அந்த இரண்டாவது கூட்டத்துக்கானது.

இன்சுலின் ஊசி என்றவுடன் முகம் வாடிவிடுகிறது. “கடைசி மருந்துதானே அது” என்கிறார்கள். கடைசி நாளில் இருந்த ஒரு சிறுவனை எழுப்பிய மருந்து அது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ மருத்துவமனையில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. தூய்மை குறைந்திருந்த அந்த முதல் சாறு எதிர்பார்த்த பலன் தரவில்லை, பன்னிரண்டு நாள் கழித்துச் சுத்திகரித்துக் கொடுத்தது அவனைக் காப்பாற்றியது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் பிழைப்பதில்லை. இரண்டாம் வகையிலும், நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருக்கிறது என்று பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற நீண்ட ஆய்வு காட்டியது. ஆண்டுகள் போகப் போக ஊசி தேவைப்படுவது நோயாளியின் ஒழுக்கக் கேட்டால் வந்ததன்று; இல்லாத ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஊசியில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாக்களிலும் சில புதிய குப்பிகளிலும் 100 யூனிட் இருக்கும். அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். முன்னது ஆளை மயக்கத்தில் தள்ளும், பின்னது சர்க்கரையை எகிற வைக்கும். எனவே மருந்துக்கடையில் குப்பியின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் வயிற்றுத் தோலுக்கடியில் கொழுப்பு முண்டு கட்டிவிடும். அதில் வலி தெரியாது என்பதால் அங்கேயே குத்துவார்கள், மருந்தும் ஒழுங்காக ஏறாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள் குப்பியை நனையாமல் வைத்தால் கோடையைத் தாண்டலாம். பனிக்கட்டி உறையும் தட்டில் வைத்த இன்சுலின் மட்டும் எதற்கும் உதவாது.

வயதானவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. ஊரில் தனியாக இருக்கும் 78 வயதுத் தந்தையிடம் அயல்நாட்டிலிருக்கும் மகன் தினமும் தொலைபேசியில், “இன்னிக்கு எவ்வளவுப்பா?” என்று கேட்கிறார். 95 என்று சொன்னால் இருவருக்கும் மகிழ்ச்சி. அந்தத் தந்தை கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார், சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது, இரவில் அரைத் தட்டுச் சாப்பாடுதான் இறங்குகிறது. காலையில் 95 என்றால் பின்னிரவில் 60 ஆக இருந்திருக்கலாம். இளம் வயதில் சர்க்கரை தாழ்ந்தால் அட்ரினலின் ஓடி வந்து கை நடுக்கமும் படபடப்பும் வியர்வையுமாக எச்சரிக்கும். நோய் பழையதாகிவிட்டால் அந்த மணி ஒலிப்பதில்லை, இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இருக்கிற ஒலியையும் அடக்கிவிடும். அவர் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதுதான் முதல் அறிகுறியாக இருக்கும். இந்த வயதில், பல நோய்களோடு இருப்பவருக்கு எச்பிஏ1சி 8 வரை இருந்தாலும் போதும் என்றே நாங்கள் கருதுகிறோம். மகன் கேட்க வேண்டியது, ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், தூக்கத்தில் சட்டை நனைந்ததா, காலையில் தலை பாரமாக இருந்ததா என்பவற்றை.

அவருடைய கட்டிலின் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் குளுக்கோஸ் பொடியும் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சாதாரணச் சர்க்கரையும் உதவும், ஆனால் மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதை மெதுவாக்கும் வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அது செரித்து இரத்தத்தில் ஏற நேரமாகும் என்பதால் குளுக்கோஸ் பொடியே வேண்டும். மயங்கிய நிலையில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கிளிமிபிரைடால் தாழ்ந்த சர்க்கரை ஒருமுறை ஏறிய பின்னும் சில மணி நேரத்தில் மறுபடி தாழும் இயல்புடையது. தெளிந்துவிட்டார் என்று அன்றிரவே அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது.